காற்றாலைப் பாகங்களுக்கும் பட்டியல்: புதிய விதி யாருக்கு, எப்போதிலிருந்து?

கயத்தாறு பக்கம் இரவுப் பயணம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு இறக்கையை ஏற்றிக்கொண்டு நீள லாரி ஒன்று ஊர்ந்து போகும். வளைவில் திரும்ப அரைமணி நேரம்கூட ஆகும். அந்த இறக்கையைச் செய்தது யார் என்ற கேள்வியை இனி அரசே கேட்கும்.

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் காற்றாலை மாடல்களுக்கு முன்பே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் இடம்பெற்ற மாடலைத்தான் இங்கே நிறுவலாம். 2025 ஜூலை 31 அன்று அந்த நடைமுறையைத் திருத்தி, ‘ஏ.எல்.எம்.எம். (காற்று)’, அதாவது ஒப்புதல் பெற்ற மாடல்கள், தயாரிப்பாளர்களின் பட்டியல், என்று பெயரையும் மாற்றினார்கள். பெயரைவிட முக்கியமான மாற்றம் வேறு: மாடல் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது, அதன் முக்கியப் பாகங்களும் அமைச்சகம் ஏற்றுக்கொண்ட தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கியவையாக இருக்க வேண்டும். இறக்கை, கோபுரம், ஜெனரேட்டர், கியர்பாக்ஸ், சிறப்பு பேரிங்குகள் ஆகியவையே அந்தப் பாகங்கள்.

பேரிங் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே மூன்று வகை பேரிங்குகளைச் சொல்கிறார்கள். முதன்மைத் தண்டைத் தாங்குவது ஒன்று. காற்று வரும் திசைக்குத் தலைப்பகுதியைத் திருப்ப உதவுவது இன்னொன்று. இறக்கையின் அடியில் இருந்து, காற்றின் வேகத்துக்கேற்ப இறக்கையின் கோணத்தை மாற்ற உதவுவது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று இறுகினாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். ஆனி, ஆடிக் காற்றில் நின்றுபோன இயந்திரத்துக்கு வெளிநாட்டிலிருந்து பேரிங் வந்து சேர்வதற்குள் சீசனே முடிந்துவிடும். ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கைத் தரும் மாதங்கள் அவை. அதனால்தான் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், தரவு. காற்றாலை ஓடும்போது உருவாகும் தகவல்களை வைத்திருக்கும் சர்வர்கள் இந்தியாவில்தான் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் தரவை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆராய்ச்சிப் பிரிவும் இங்கேயே வேண்டும். இதற்கு நிறுவனங்களுக்கு ஓராண்டு அவகாசம்.

சரி, யாருக்கு விலக்கு? உத்தரவு வந்த நாளுக்கு முன்பே, குறைந்த விலைக்கு மின்சாரம் தருபவரைத் தேர்ந்தெடுக்கும் ஏலம் முடிந்த திட்டங்களுக்கு உண்டு. சொந்த உபயோகத்துக்கும் மூன்றாம் தரப்பு விற்பனைக்கும் நிறுவப்படும் காற்றாலைகள் 18 மாதங்களுக்குள், அதாவது 2027 ஜனவரி இறுதிக்குள், மின்சாரம் தர ஆரம்பித்தால் அவற்றுக்கும் உண்டு. புதிய மாடல்களுக்கு இரண்டு ஆண்டுகள், மொத்தம் 800 மெகாவாட் வரை தளர்வு கொடுத்திருக்கிறார்கள்.

கோவை, திருப்பூர் மில்காரர்கள் கவனிக்க வேண்டியது இந்த 18 மாதக் கணக்கைத்தான். கேப்டிவ், அதாவது சொந்த உபயோக முறையில், காற்றாலையில் 26 சதவீத உரிமைப் பங்கும் அதன் மின்சாரத்தில் 51 சதவீத உபயோகமும் காட்டி ஒப்பந்தம் போடத் தயாராக இருப்பீர்கள். ஆனால் இயந்திரம் தாமதமானால் விலக்கு கைநழுவிவிடும். மாடலும் பாகங்களைத் தந்தவர்களும் பட்டியலில் இருக்கிறார்களா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே ஓடும் காற்றாலைக்கும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் பாகங்கள் பற்றிய இந்த விதியால் மாற்றம் எதுவும் இல்லை.

பட்டியல் மட்டுமே தொழிலை வளர்த்துவிடாது. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கினோம். பிறகு முதல் ஆண்டிலேயே இயந்திர விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற வரிச்சலுகைக்காகவே பலர் காற்றாலை நிறுவினார்கள். மின்சாரம் எவ்வளவு வருகிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. 2009இல் வந்த, யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகைதான் உற்பத்திக்கே காசு என்று ஆக்கியது. அதுவும் 2017 மார்ச்சோடு நின்றது. அதே ஆண்டு ஏலமுறை வந்தது, விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இறங்கியது. 2016-17இல் நாடு முழுக்க சுமார் 5,500 மெகாவாட் நிறுவினோம். அடுத்த ஆண்டு சுமார் 1,700தான். பெரிய நிறுவனம் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளலாம். நான்கு பேரை வைத்து பாகம் கடைந்து தரும் சிறு பட்டறையால் முடியுமா? ஆண்டுதோறும் எவ்வளவு ஏலம் விடப்போகிறோம் என்பதை அரசு முன்கூட்டியே சொல்லி, அதில் நிற்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. நடுவில் இறக்கைகளைப் பிடித்து நிற்கும் ‘ஹப்’ என்ற கனமான வார்ப்படம் பட்டியலில் இல்லை. வார்ப்புத் தொழிலில் கோவைக்கு இருக்கும் கைப்பழக்கத்தைப் பார்த்தால், அடுத்த திருத்தத்தில் அதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.