திட்டு வாங்கிய மாலையில் கால் ஏன் கடைப் பக்கம் போகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமா குடியை விட்டு எட்டு மாதம். கல்யாண வீட்டில் பக்கத்திலேயே பாட்டில் திறந்தபோதுகூட எழுந்து வந்துவிட்டார். போன வாரம் ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் கத்தினார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேராகக் கடைக்குப் போய்விட்டார். வாசனைக்கே அசையாதவர் ஒரு திட்டுக்கு எப்படி விழுந்தார்?"

'மன அழுத்தம்' என்று எழுதினால் மனச்சோர்வு நோயோடு குழம்புகிறது. அதனால் எல்லாரும் சொல்கிறபடி டென்ஷன் என்றே வைத்துக்கொள்வோம். டென்ஷன் ஏறினால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும் என்பது பள்ளிப் பாடம். மூளைக்குள்ளும் அதே நேரத்தில் ஒரு வேலை நடக்கிறது. மூளைத்தண்டில் 'நீலப்புள்ளி' என்று ஓர் இடம். இடது, வலது என ஒவ்வொரு பக்கமும் சில பத்தாயிரம் செல்கள்தான், ஆனால் கிளைகள் மூளை முழுக்கப் போகின்றன. சில நொடிகளில் அவை அட்ரினலினின் உறவுக்கார ரசாயனமான நார்அட்ரினலினைக் கொட்டிவிடும். கார்டிசால் என்ற டென்ஷன் ஹார்மோன் பின்னால் வரும். ரத்தத்தில் அது உச்சம் தொட 20, 30 நிமிடம் ஆகும்.

டென்ஷனை ஆய்வகத்தில் எப்படி உண்டாக்குவது? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒரு வழி கண்டார்கள். வேலைக்கான நேர்காணல் மாதிரி 5 நிமிடம் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். அடுத்த 5 நிமிடம் 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: 1009, 996, 983, 970... ஒன்று தப்பினாலும் "தவறு, 1022-இலிருந்து ஆரம்பியுங்கள்" என்ற குரல் வரும். அவ்வளவுதான். எச்சிலை எடுத்துப் பார்த்தால் கார்டிசால் எகிறியிருக்கும். அடி இல்லை, ஊசி இல்லை. நாலு பேர் முன்னால் அவமானம் மட்டும். மாமாவுக்குக் கம்பெனியில் நடந்ததும் இதேதான்.

சீனாவில் ஹெராயினை விட்டவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். முதல் நாள் ஒரு சொல் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: சாதாரணச் சொற்களோடு ஹெராயின் தொடர்பான சொற்களும் கலந்தது. மறுநாள் டென்ஷன் ஏற்றிவிட்டு, நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். பொதுவாக டென்ஷன் நினைவை அமுக்கும். தேர்வு ஹாலில் படித்ததெல்லாம் மறப்பது அதனால்தான். இங்கே ஹெராயின் சொற்கள் மட்டும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. நார்அட்ரினலின் செல்லில் வந்து பொருந்தும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அதில் பீட்டா என்ற வகையை அடைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கூடுதல் வரவில்லை.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான். 'குடிக்கக் கூடாது' என்ற முடிவைக் கையில் பிடித்திருப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை. அங்கே நார்அட்ரினலினுக்கு இரண்டு வகைப் பூட்டு உண்டு. ஆல்ஃபா-2ஏ ஏற்பி கொஞ்சம் பட்டாலே திறக்கும். ஆல்ஃபா-1 நிறைய வந்தால்தான் திறக்கும். நிதானமாக இருக்கும்போது கொஞ்சம்தான் சுரக்கிறது. ஆல்ஃபா-2ஏ அதைப் பிடித்து, நரம்பு இணைப்புகளிலுள்ள சிறு அயனித் துளைகளை மூடுகிறது. சிக்னல் ஒழுகாமல் நிற்கிறது, முடிவும் நிற்கிறது. கத்து வாங்கியதும் வெள்ளம். இப்போது ஆல்ஃபா-1 திறந்து, வேறு துளைகள் திறந்துகொண்டு, செல்களின் துடிப்பே அடங்குகிறது. கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையில் அளவான தண்ணீர் வாய்க்காலில் போய் நெல்லுக்குப் பாயும். வெள்ளம் வந்தால் ஷட்டரைத் தூக்கி ஆற்றில் விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஒன்றுதான்.

அதே வெள்ளம், பயத்தையும் ஆசையையும் நினைவோடு முடிச்சுப் போடும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் பீட்டா ஏற்பிகளைத் தட்டி, பழைய போதை நினைவுக்குத் தெம்பு கொடுக்கிறது. குடிக்காமல் இருந்த எட்டு மாதப் பழக்கம் அந்த நினைவை அழித்திருக்காது. வாசனை வந்தாலும் குடிக்காமல் இருக்கலாம் என்ற புது நினைவை அதன் மேல் போட்டிருக்கும். அந்த மூடியை அழுத்திப் பிடிப்பதும் முன்மூளைதான். கல்யாண வீட்டில் வாசனை மட்டும் வந்தது, மூடி நின்றது. அன்று சாயங்காலம் மூடி தளர்ந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பும் கடையும் கண்ணில் பட்டன.

கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்துகிறவர்கள் இங்கே ஏராளம். கிண்டல் செய்ய மாட்டேன். "கயிறு கட்டியிருக்கேன்ப்பா" என்றால் கூட்டாளிகள் ஊற்ற மாட்டார்கள். அது பெரிய உதவி. ஆனால் கயிற்றை ஞாபகம் வைப்பதும் முன்மூளையின் வேலை. ஒருநாள் தவறினால் 'சாமி குத்தம்' என்ற பயமே அடுத்த டென்ஷன் ஆகிவிடுகிறது. குடியை நிறுத்தும் என்று விற்கிற பொடியைச் சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலப்பது வேறு கதை, அது ஆபத்து. அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, அவர் விஷயம் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நினைவை அந்தப் பொடி தொடுவதுகூட இல்லை.

தமிழ்நாட்டில் மது விற்பனையால் அரசுக்கு வருவது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 'குவார்ட்டர்', 'கட்டிங்', 'ஊறுகாய்' என்று நம் சொற்களில் ஒரு பட்டியல், இரண்டு அறை, எச்சில் குப்பிகள், ஒரு பி.பி. மிஷின் போதும், இந்தச் சோதனையை இங்கேயே செய்யலாம். சில லட்ச ரூபாய்க்குள் முடியும். இதற்குக்கூடக் காசு ஒதுக்க முடியாதா?

மாமா விஷயத்துக்கு வருவோம். ப்ரோப்ரனலாலை மெடிக்கலில் வாங்கித் தராதீர்கள். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சே அடைக்கும். குடிக்க வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணியும். அந்த அரை மணியில் அவரால் திட்டம் போட முடியாது, எனவே நிதானமான ஒரு காலையில் போட்டு வையுங்கள்: கடை இல்லாத எந்த ஸ்டாப்பில் இறங்குவது, யாருக்கு போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், யாருமே கிடைக்காவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண். பசியோடு வீடு வந்தால் முதலில் சோறு. கடன் பேச்சு, பையன் ஃபீஸ் பேச்சு எல்லாம் மறுநாள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வரும் நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தூக்கம் கெட்டாலும் முன்மூளை தளரும். ஸ்டாப் பெயரையும் போன் எண்களையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். செல்போனில் வேண்டாம், சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.