சுடோகு போட்டா கால் ஸ்டெடி ஆகாது

இந்த வாரமும் ஒரு ஆச்சி, இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு நடக்கப் பழக வந்திருக்காங்க. வழுக்கல, மயக்கமும் இல்ல. கைல காபியோட திண்ணைக்கு வரும்போது பேரன் உள்ளருந்து ஏதோ கேட்டிருக்கான், பதில் சொல்லத் திரும்புனாங்க, அவ்ளோதான். செங்கோட்டைல பிசியோதெரபி பாக்குறேன், புளியரைலருந்து வர்றவங்களும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுலருந்து வர்றவங்களும் இதே மாதிரிதான் விழுறாங்க.

வீட்டாளுங்க சொல்ற பதில்தான் தாங்க முடியல. "டெய்லி வாக்கிங் போவாங்க சார், பேப்பர்ல சுடோகு ஒருநாள் விடமாட்டாங்க, மூளை செம ஷார்ப்". ரெண்டும் நல்லதுதான், நான் வேண்டாம்னே சொல்லல. ஆனா சேர்ல உக்காந்து நம்பர் போடும்போது கால் சும்மா கெடக்கு, பழகுன ரோட்டுல நேரா நடக்கும்போது மூளைக்கு பெருசா வேலை இல்ல, வீட்ல அப்படியா தனித்தனியா நடக்கு? கேஸை அணைச்சோமான்னு யோசிச்சுக்கிட்டேதான படி எறங்குறாங்க? வயசாக ஆக நடக்குறதுக்கே நெறைய கவனம் தேவைப்படும். சுடோகு போடப் போட சுடோகுதான் நல்லா வரும், பேலன்ஸ் வராது. 1997லயே லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஸ்வீடன் ஆய்வு ஒண்ணு வந்துச்சு, நடக்கும்போது பேச்சு குடுத்தா நின்னுட்டு பதில் சொன்ன முதியவங்கள்ல பெரும்பாலானவங்க அடுத்த 6 மாசத்துல விழுந்திருக்காங்க. உங்க வீட்ல அப்படி நிக்கிறாங்களான்னு கவனிங்க.

அதனால காலுக்கும் மூளைக்கும் ஒரே நேரத்துல வேலை குடுத்துப் பழக்கணும். மொதல்ல கால்ல பலம் வேணும், சேர்லருந்து கை ஊனாம எந்திரிக்கப் பழகட்டும். அப்புறம் சமையல் மேடையப் புடிச்சிக்கிட்டு நின்ன எடத்துலயே கால் தூக்கி வைக்கணும், கூடவே புனலூர்லருந்து செங்கோட்டைக்கு பஸ் ஸ்டாப்பை ஒவ்வொண்ணா சொல்லணும், அடுத்த வாரம் அதையே தலைகீழா. கணக்கு புடிச்சவங்க 100லருந்து மூணு மூணா கழிக்கலாம். கால் நின்னு போச்சுன்னா கேள்வி கஷ்டம், ஈஸியா ஆக்குங்க, திட்டாதீங்க. 65 தாண்டினவங்களுக்கு பேலன்ஸ், பலத்துக்கான பயிற்சி வாரத்துல 3 நாளாச்சும் வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

தயவுசெஞ்சு இதைக் கேட்டுட்டு கொல்லம் ரோட்டுல லாரிக்கு நடுவுல செல்போன் பேசிக்கிட்டு நடக்க விடாதீங்க, அது பயிற்சியே இல்ல. சாரல் சீசன்ல ஈரத் தரை வேண்டாம், வழவழ செருப்பும் வேண்டாம். பார்கின்சன்ங்கிற நடுக்க நோய், தலைசுத்தல், பழைய எலும்பு முறிவு இருந்தா தனியா ஆரம்பிக்கவே கூடாது, பிசியோ ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். நடையோ பேச்சோ திடீர்னு ஒரே நாள்ல மாறிச்சுன்னா அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு தூங்கப் போயிடாதீங்க, உடனே 108க்கு அடிங்க.