வீட்டை விட்டு வந்துவிட்டால் அப்பா சம்பளம் கணக்கில் வராதா?

இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் மாணவர்களுடைய கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. நம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "நான்தான் தனியா இருக்கேனே, அப்பா சம்பளத்தை எதுக்குக் கேக்கறாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அரசின் மாணவர் கடனைக் கொடுக்கும் அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்துக்கு, நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பது ஒரு கணக்கு, யார் வருமானத்தை வைத்து உங்கள் தொகையை முடிவு செய்வது என்பது வேறு கணக்கு.

முதல் கணக்கில் சிக்கல் இல்லை. 2025-26 கல்வியாண்டில் வாழ்க்கைச் செலவுக் கடன், பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு அதிகபட்சம் 8,877 பவுண்ட், வெளியே தங்குபவருக்கு 10,544, லண்டனில் வெளியே தங்குபவருக்கு 13,762. இந்த முழுத்தொகை குடும்ப வருமானம் 25,000 பவுண்டுக்குள் இருந்தால்தான். அதற்கு மேல் போகப் போக கடன் குறைந்துகொண்டே வரும். அந்த 25,000 பல வருடங்களாக அசையவே இல்லை, குறைந்தபட்சக் கூலியில் இரண்டு பேர் முழுநேரம் வேலை செய்தாலே அதைத் தாண்டிவிடுவார்கள். இதற்கு என்ன பெயர் சொல்வது!

இரண்டாவது கணக்கில், பெற்றோர் வருமானத்தைக் கேட்காமல் விடுவது சிலருக்குத்தான். கல்வியாண்டு தொடங்கும்போது 25 வயது ஆனவர்கள், சட்டப்படி திருமணமானவர்கள் (அப்போது துணைவரின் வருமானத்தைக் கேட்பார்கள்), பிள்ளையை வளர்ப்பவர்கள், கவுன்சில் (உள்ளாட்சி) பராமரிப்பில் வளர்ந்தவர்கள், படிப்புக்கு முன் மொத்தம் மூன்று வருடமாவது சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவர்கள். பி60 (வருடக் கடைசியில் முதலாளி தரும் சம்பள, வரிச் சான்று), பே ஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இந்தக் கடைசி வகைக்காகத்தான்.

இதில் எதிலும் வராதவர்களுக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரே வழி: பெற்றோருடன் உறவு முழுவதுமாக முறிந்துவிட்டது, இனி ஒட்டாது என்று நிரூபிப்பது. பொதுவாக 12 மாதமாவது தொடர்பே இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் ஒத்துப்போகவில்லை, வருமான விவரம் தர மாட்டேன் என்கிறார்கள், இதெல்லாம் காரணமாக எடுபடாது.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். சண்டை அப்பாவோடு. படிப்பை மாற்றியது, காதல், ஏதோ ஒன்று. அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் பேசுவார், முடிந்தபோது ஐம்பது பவுண்ட் போட்டுவிடுவார். "அது கணக்கா, அம்மாதானே?" கணக்குத்தான். ஒருவரோடு தொடர்பு இருந்தாலும் முறிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தால் இருவர் வருமானமும் உள்ளே வந்துவிடும். அவர்கள் பிரிந்து வாழ்ந்தால், நீங்கள் யாரோடு தொடர்பில் இருக்கிறீர்களோ அவருடைய வீட்டு வருமானம். அம்மாவோடு பேசாதே என்று ஒரு பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வது? சொல்ல மாட்டேன். மறைத்து எழுதச் சொல்லவும் மாட்டேன், பின்னால் தெரியவந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள்.

உண்மையிலேயே முறிந்தவர்களுக்குத் தேவை ஒரு கடிதம். நண்பரோ சித்தியோ எழுதினால் செல்லாது, ஆசிரியர், டாக்டர், சமூகப் பணியாளர் போன்று வேலை முறையில் உங்களை அறிந்த ஒருவர் எழுத வேண்டும். எப்போதிலிருந்து தொடர்பு இல்லை, அது தனக்கு எப்படித் தெரியும், இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்கு முன்பே வீட்டில் கஷ்டம் என்றால் பள்ளியில் யாரிடமாவது சொல்லி வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அந்த ஆசிரியர்தான் உங்கள் சாட்சி.

சரி, உறவு முறியவில்லை, பெற்றோர் படிவம் நிரப்பத்தான் மறுக்கிறார்கள் என்றால்? படிப்பை விட வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணக் கடனுக்கு குடும்ப வருமானம் பார்ப்பதில்லை, செலவுக் கடனிலும் அடிப்படைத் தொகை கிடைக்கும். அது வாடகைக்கே பற்றாது என்பதும் உண்மை, அதனால் பல்கலைக்கழகத்தின் நெருக்கடி நிதிக்கு முதல் மாதமே விண்ணப்பியுங்கள், கையில் ஒன்றுமில்லாமல் போகும்வரை காத்திருக்காதீர்கள். பெற்றோர் சம்மதிக்கிறார்கள், ஆனால் வேலை போய்விட்டது என்றால், வருமானம் 15 சதவீதமாவது குறைந்திருந்தால் நடப்பு ஆண்டு வருமானத்தை வைத்து மறுபடி கணக்கிடச் சொல்லலாம். வழக்கமாக அவர்கள் பார்ப்பது பழைய வரியாண்டை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது கோடை விடுமுறை. கடன் மூன்று தவணையாக, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வரும். கடைசித் தவணை ஏப்ரல், மே வாக்கில் வந்தால் அடுத்தது செப்டம்பர் கடைசியில்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், போக வீடில்லாதவர் அந்தப் பணத்தை நாலைந்து மாதத்துக்கு இழுக்க வேண்டும். வருடம் முழுக்கத் தங்கும் அறை கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, வாடகைக்கு ஜாமீன் நிற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. சேருவதற்கு முன் இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடன்ட் விசாவில் வந்தவர்களுக்கு இந்த அரசுக் கடன் எதுவும் கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸ் கட்ட வேண்டாம் என்பது அவர்களுக்கும் பொருந்தும். பல்கலைக்கழகம் தரும் சான்றிதழை கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும்.