பாலேயைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் வரிசையாகக் கால் நுனியில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். “சித்தப்பா, இதுக்குப் பேரு பாலேயாம். பாலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள். நியாயமான கேள்விதான். தமிழெழுத்தில் பார்த்தால் யாரோ பாலைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

சொல் பிரெஞ்சு. எழுத்தில் கடைசியாக ஒரு ‘ட்’ உண்டு, வாயில் வராது. அதனால் ‘பேலட்’ என்று எழுதுவதைவிடப் பாலே என்பதே சரி. பிரெஞ்சுக்கு அது இத்தாலியிலிருந்து போனது. இத்தாலியில் ‘பாலோ’ என்றால் ஆட்டம், ‘பாலெட்டோ’ என்றால் சின்ன ஆட்டம். அதற்கும் முன்னால் லத்தீனில் ‘பல்லாரே’, அதாவது ஆடுதல். இத்தாலிய அரண்மனை விருந்துகளில் ஆடியது பிரெஞ்சு அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. 1661-இல் பதினான்காம் லூயி நடனத்துக்கென்றே ஒரு கழகம் நிறுவினார். அதன்பின் அதற்கு இலக்கணம் கட்டப்பட்டது. எந்த ஊரில் பாலே கற்றுக்கொடுத்தாலும் அடவுகளின் பெயர் இன்றும் பிரெஞ்சில் இருப்பது இதனால்தான். முழங்காலை மடக்கி நிற்பது ‘ப்ளியே’. மடக்கியது என்றுதான் அதற்கு அர்த்தம். பரதத்தில் வரும் நம் அரைமண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லுக்கு எங்கள் கடற்கரையில் ஒரு பங்காளி உண்டு. அதே லத்தீன் வேர் போர்த்துகீசிய மொழியில் ‘பைலார்’ ஆனது. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியர், மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையிலும் காலூன்றினார்கள். இந்தியக் கோயில்களில் ஆடிய பெண்களை அவர்கள் மொழி ‘பைலாதெய்ரா’ என்றது, ஆடுகிறவள் என்று. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘பயாதேர்’ ஆகி, 1877-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடன அமைப்பாளர் பெட்டிபா அமைத்த ‘லா பயாதேர்’ என்ற பாலேவுக்குப் பெயராகவே நின்றது. அதுவும் ஓர் இந்தியக் கோயில் ஆடல்மகளின் கதை. அதே வேர் இலங்கையில் ‘பைலா’ என்ற துள்ளல் பாட்டும் ஆட்டமும் ஆனது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் தீவுக்காரர்களுக்கு பைலாவை யாரும் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் மகளிடம் இதைச் சொன்னதும், “அப்போ பைலாவும் பாலேயும் சொந்தக்காரங்களா?” என்று சிரித்தாள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பாலே நடனம்’ என்று எழுதுகிறார்கள். பாலேயே ஆட்டம்தான், பிறகு எதற்கு இன்னொரு நடனம்? ‘நாட்டிய நாடகம்’ என்றால் நமக்குச் சலங்கையும் பரதமும்தான் நினைவுக்கு வரும். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்தைக் ‘கதை தழுவி வரும் கூத்து’ என்கிறார். இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் கதையே இல்லாத பாலேக்களும் இருக்கின்றன. அதனால் என் முடிவு இது: அந்த உடல் இலக்கணத்துக்குப் பாலே என்ற பெயரே இருக்கட்டும். அதில் கதை சொல்லும்போது தயங்காமல் கூத்து என்போம்.

இன்னொரு சொல்தான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. பழைய பாலே ஒன்றை எடுத்து, இந்தக் காலத்து உடல்மொழியில், மேடையருகே இசைக்குழுவை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, புதிதாக ஆடுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? ‘ஜிசெல்’ என்ற பாலேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1841-இல் பாரிசில் அரங்கேறியது. வேடம் மாறி வந்த பிரபுவை நம்பி ஏமாந்து செத்துப்போகும் கிராமத்துப் பெண்ணின் கதை. கல்யாணத்துக்கு முன்பே இறந்த பெண்களின் ஆவிகள் இரண்டாம் பாகத்தில் வருகின்றன. வீட்டுக் கன்னிக்குப் பாவாடை வைத்துக் கும்பிடுகிற நமக்கு அந்த ஆவிகள் அந்நியம் இல்லை. 2016-இல் நடன அமைப்பாளர் அக்ரம் கான் இதை ஆங்கில தேசிய பாலே குழுவுக்காகத் திரும்பச் செய்தார். கிராமத்துக்குப் பதிலாக, மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழந்த புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். முதல் ஜிசெல்லுக்கு அடாம் அமைத்த பழைய இசையை வைத்து வின்சென்சோ லமான்யா புது இசை அமைத்தார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வந்த பெண்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த ஜிசெல்லைப் பார்த்தால் ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படாது.

இதை ‘மறுவாசிப்பு’ என்கிறார்கள். நல்ல சொல்தான், நாதஸ்வரம் வாசிப்பதும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஆட்டம் இல்லையே. ‘மீளுருவாக்கம்’ என்றால் பழுதுபார்த்த கட்டடம் மாதிரி இருக்கிறது.

ஜூன் நடுவில் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, விசைப்படகுகள் நாலைந்து தடவை கடலுக்குப் போய்வந்திருந்த நேரம். அண்ணி அடகுக்கடையிலிருந்து வந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “மீட்டாச்சு” என்றார். அப்போதுதான் பிடிபட்டது. மீட்டு என்றால் திரும்பப் பெற்று. வீணையை மீட்டு என்றாலும் அதே ஒலி. மீட்டு, ஆடல்: மீட்டாடல். பழையதைத் திரும்ப எடுப்பதும் இசையும் ஆட்டமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

இசைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ரெக்கார்டு போட்டு ஆடுவதும் மேளம் வைத்து ஆடுவதும் ஒன்றல்ல. எங்கள் ஊர்த் திருவிழாவில் தவில்காரரின் கண் ஆடுபவர் கணுக்காலிலேயே இருக்கும். ஆடுபவர் ஒரு சுற்று கூடப் போட்டால் இவர் கை தானாக நீளும், மூச்சு வாங்கினால் தணியும். பாலே இசைக்குழுவை நடத்துபவரும் அப்படித்தான், ஒரு கண்ணை மேடையில் வைத்துக்கொண்டே கோலை அசைப்பார். இதற்கு ‘நேரலை இசை’ என்பது தொலைக்காட்சிப் பேச்சு. ‘மேடை இசை’ போதும், ஊர்ப் பேச்சில் ‘மேளம் வைத்து’ இன்னும் நல்லது.

எழுதும்போது இப்படி வரும்: ‘ஜிசெல் பாலேயின் மீட்டாடல், மேடை இசையுடன்.’ பேசும்போது இப்படி: ‘பழைய கூத்தைத்தான் மீட்டாடுறாங்க, மேளம் வச்சு.’