கயிற்றில் கட்டிய ஆடும் அவிழ்த்துவிட்ட நாயும்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு நாய் கடித்த ஆடுகள் வருவது கூடிவிடும். அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து வயலில் முளைத்து நிற்கும். அதில் ஆடு வாய் வைத்தால் ஊருக்குள் சண்டை. அதனால் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் முளைக்குச்சி அடித்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நாய் துரத்தினால் கட்டிய ஆடு எங்கே ஓடும்? கயிறு நீளம் வரைக்கும்தான்.

"தெருநாய் சார்" என்று சொல்லித்தான் ஆட்டை இறக்குவார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், கழுத்தில் பட்டை இருந்தது என்பதும் யார் வீட்டு நாய் என்பதும் வெளியே வரும். பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக் கொடுக்கக் கூச்சம்.

போன மாசியில் ஒரு அம்மா டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம் யூரியா சாக்கில் சுற்றி ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்தார். குட்டி போட்டு இருபது நாள். பின்தொடையில் மிளகு அளவுக்கு நாலு ஓட்டை, அவ்வளவுதான் தெரிந்தது. முடியைக் கத்தரித்துவிட்டுப் பார்த்தால், ஒரு ஓட்டைக்குள் என் ஆள்காட்டி விரல் இரண்டு கணு வரை போனது. நாய் கவ்விக் குதறும்போது தோல் சதையை விட்டுப் பிரிந்து உள்ளே பை மாதிரி ஆகிவிடும். அழுக்கு, ரத்தம், சீழ் எல்லாம் அதில் சேரும். மேலே பார்த்து "லேசான கடி" என்று விட்டால் மூன்றாம் நாள் புழு வைத்துவிடும். அந்தக் காயத்திலும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. எதையும் அப்பாதீர்கள். கையில் உறை மாட்டிக்கொண்டு, குழாயடியில் சோப்பு போட்டு ஒரு கால்மணி நேரம் கழுவினாலே பாதி வைத்தியம் முடிந்தது.

கடித்தது முதல் நாள் மாலை. அன்றைக்கே கொண்டுவந்திருக்கலாமே என்றேன். "மாமா வூட்டு நாயி சார். அவங்களா வந்து கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றார்.

அந்த 'மாமா' மறுநாள்தான் வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த அல்சேஷன். பெரியவர்கள் இருவரால் அதைப் பிடித்து நடத்திக்கொண்டு போக முடியாது. நாள் முழுக்க கொல்லையில் கட்டிவிட்டு, சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்களாம். "அது விளையாட்டுக்குத் துரத்தும் டாக்டர், கடிக்கல்லாம் கடிக்காது." முதல் பாதி உண்மைதான். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். வயிறு நிறையச் சோறு தின்ற நாயும் துரத்தும். பட்டியில் புகுந்து பல ஆடுகளைக் குதறிப் போட்டுவிட்டு ஒன்றையும் தின்னாமல் போன நாய்களையும் பார்த்திருக்கிறேன். நாளெல்லாம் கட்டிக் கிடந்த நாய்க்கு அவிழ்த்த நேரத்தில் வேகம் இன்னும் அதிகம்.

நான் அவரிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? "குட்டியில போட்டது." நாய்க்கு வயது நாலு. மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருடா வருடம் போட வேண்டும். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி முகாம்களில் இலவசமாகவே போடுகிறோம். அவர் விட்டதற்கு ஆடு ஐந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று: கடித்த அன்றே ஆரம்பித்து 3, 7, 14, 28ஆம் நாட்களில். இங்கே ஒரு நாள் தள்ளித்தான் ஆரம்பித்தோம். அந்தச் செலவு நாய்க்காரருடையது என்று நேராகவே சொன்னேன்.

ஊர்ப் பேச்சில் செத்த ஆட்டுக்கு மட்டும்தான் விலை பேசுவார்கள், அதுவும் கறிக்கடைக் கணக்கில். குட்டி போட்ட ஆட்டைக் கிலோவில் எப்படி நிறுப்பது? அதன் பால் நின்றால் இரண்டு குட்டிக்கும் புட்டிப்பால். சினை ஆடாக இருந்தால் ஒரு பல்கூடப் படாமல், துரத்திய மிரட்சியிலேயே கரு கலைந்துபோகும். பிழைத்த ஆட்டின் இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு ஆற்றாமை அதில்தான். செத்தே போயிருந்தால் புதைப்பதற்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் காப்பீடும் கிடைக்காது, பிறகு பேசவும் ஆதாரம் இருக்காது.

வேறொருவர் கைபேசியில் பெருமையாகவே சொன்னார்: "பிரச்சினையே வேணாம்னு நாயைக் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டேன் சார்." கடித்த நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனித்தால்தான் அதற்கு வெறி இருந்ததா என்று தெரியும். ஆட்டுக்கு மட்டுமல்ல, ஆட்டைக் காப்பாற்றப் போய்க் கீறல் வாங்கியவருக்கும் அந்தத் தகவல் தேவை. அவர் தகவலைத் தொலைத்தார், அந்தப் பக்கத்து ஊருக்கு ஒரு நாயையும் கொடுத்தார்.

ஆடு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. கோபத்தில் கறியில் குருணை மருந்தைக் கலந்து வைக்காதீர்கள். காக்கை, பூனை எல்லாம் சாகும். விலங்குக்கு விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நாயை அவிழ்த்துவிட்டு மனிதர் உயிருக்கு ஆபத்து வரும்படி விடுபவருக்கும் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை உண்டு. ஆனால் ஆட்டு விவகாரம் ஸ்டேஷன் வரை போனால் இரண்டு வீடும் பேசிக்கொள்ளாது. நான் பார்த்தவரை, அன்றைக்கே வாசலில் போய் நின்று "எங்க நாய்தான்" என்று சொன்னவர்கள் யாரும் ஸ்டேஷன் படி ஏறியதில்லை.

அந்த வெள்ளாடு பிழைத்துவிட்டது, பின்னங்கால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. 28ஆம் நாள் ஊசிக்கு ஆட்டை ஆட்டோவில் ஏற்றி வந்தவர் அந்தப் பெரியவர். கொல்லையில் எட்டுக்குப் பத்தில் கம்பி வலை அடித்தாயிற்றாம், காலையும் மாலையும் நாயை நடத்திக்கொண்டு போகப் பக்கத்துப் பையனுக்கு மாதச் சம்பளம் பேசியிருக்கிறாராம். நாய்க்கு ஊசி போடக் கூட்டிவரவில்லையே என்றேன். ஆட்டோவில் இரண்டையும் சேர்த்து எப்படி ஏற்றுவது என்று கேட்டார்.