கியர்: பற்சக்கரமா, பல்லிணையா?

விமானத்தின் லேண்டிங் கியரைத் ‘தரையிறங்கு பற்சக்கரம்’ என்று எழுதினால் தவறாகிவிடும். விமானம் தரையைத் தொடும்போது தாங்கி நிற்கும் கால், டயர், அதிர்வுதாங்கி எல்லாம் சேர்ந்த தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃபிஷிங் கியர் என்றால் வலையும் தூண்டிலும். அப்படியானால் கியர் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது?

பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. முதலில் உடையையும் போர்க்கவசத்தையும் குறித்தது. அப்புறம் எந்த வேலைக்குமான சாதனம் என்று விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் எந்திரத்தில் பல் வைத்த சக்கரத்தின்மேல் வந்து அமர்ந்தது. வண்டிகள் வந்தபிறகு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது: ‘மூன்றாவது கியரில் போ’ என்னும்போது நாம் சக்கரத்தைச் சொல்லவில்லை, வேக விகிதத்தைச் சொல்கிறோம். சாதனம், பல் வைத்த சக்கரம், வேக விகிதம் என்று ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள். மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை ஒட்டவைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

பல் வைத்த பொருளுக்குத் தமிழில் பற்சக்கரம், பல்லிணை என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. கல்லும் சிலையும் சேர்ந்து கற்சிலை ஆவதுபோல, பல்லும் சக்கரமும் சேர்ந்து பற்சக்கரம். பேச்சில் ‘பல்சக்கரம்’ என்பது சரிதான். எழுத்தில் அப்படிப் போட்டால் பல்பொருள், பல்சுவை போலப் ‘பல சக்கரங்கள்’ என்றும் படிக்க இடமுண்டு. ‘ற்’ போட்டு எழுதினால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சக்கரம் வடசொல்தான். பழந்தமிழில் ஆழி, உருளி என்றெல்லாம் உண்டு. கால் என்ற சொல்லே தேர்ச்சக்கரத்தைக் குறித்ததுண்டு. இலங்கைத் தமிழில் சில்லு என்பார்கள். ஆனால் சக்கரம் எல்லோர் வாயிலும் ஊறிப்போன சொல், அதை மாற்ற வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பல்லிணை என்பது பல் + இணை. இதிலும் பல்லாண்டு, பல்லுயிர் போலப் ‘பல இணைகள்’ என்று படிக்கும் ஆபத்து உண்டு, இங்கே ‘ற்’ வந்து காப்பாற்றாது. இருந்தும் இந்தச் சொல்மேல் எனக்குத் தனி மதிப்பு. கண்ணுக்குத் தெரியும் பல்லோடு நிற்காமல், அந்தப் பல் எதற்காக இருக்கிறதோ அதையும் சொல்லிவிடுகிறது. தனியாக மேசைமேல் கிடக்கும் ஒரு பற்சக்கரத்தால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்றோடு இணைந்தால்தான் அதற்கு வேலை. ரேக் என்னும் பற்சட்டம் வேறு இருக்கிறது: நேரான கம்பியில் பல் வெட்டியது, சக்கரமே இல்லை. அதைச் சிறு பற்சக்கரம் ஒன்றோடு சேர்த்துப் பல்லிணை எனலாம், பற்சக்கரம் எனமுடியாது.

இந்த இணைதலைச் சரிசெய்வதுதான் பற்சக்கரம் செய்யும் துறையின் நீண்ட வரலாறு. கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே, கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுக்கப்பட்ட ஆன்டிகைதிரா கருவியில் 30 வெண்கலப் பற்சக்கரங்கள் எஞ்சியிருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய வேலை. அதன் பற்கள் வெறும் முக்கோணம். கையால் மெதுவாகச் சுற்றி வானியல் கணக்குப் பார்க்க அது போதும். வேகமும் சுமையும் கூடினால் முக்கோணப் பல் தாங்காது. பல்லோடு பல் உரசும் ஒவ்வொரு கணமும் வேக விகிதம் கூடிக் குறைந்து, சக்கரம் துடித்துத் துடித்துச் சுழலும்.

அதற்கு விடையாக வந்த வளைவுதான் இன்வால்யூட். பல்லின் பக்கத்தை இந்த வடிவில் அமைக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் காட்டியவர் கணித மேதை ஆய்லர். ஒரு உருளையில் நூலைச் சுற்றி, அதை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே அவிழ்த்தால் நூலின் நுனி காற்றில் ஒரு வளைவு வரையும் அல்லவா, அதுதான். ‘அவிழ்சுருள்’ என்று சொன்னால் வரைந்து காட்டாமலே புரியும் என்று நினைக்கிறேன். இரண்டு பற்களுக்கும் இந்த வளைவு இருந்தால், தொடும் புள்ளி ஒரே நேர்கோட்டில் நகரும், விகிதம் மாறாது. இன்னும் பெரிய நன்மை, இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் கொஞ்சம் பிசகினாலும் விகிதம் அப்படியே நிற்கும். இன்றுவரை உலகின் பெரும்பாலான பற்சக்கரங்கள் இந்த வளைவில்தான் வெட்டப்படுகின்றன.

மாடுல் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். சிறிய அளவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘பல்லளவு’ எனலாம். சக்கரத்தின் இடைவட்ட விட்டத்தை (பல்லின் உயரத்துக்கு ஏறக்குறைய நடுவே செல்வதாகக் கொள்ளும் வட்டத்தின் விட்டம்) மி.மீ.யில் எடுத்து, பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. மாடுல் 2, பற்கள் 30 என்றால் இடைவட்ட விட்டம் 60 மி.மீ., வெளிவிட்டம் 64 மி.மீ. மாடுலும் அழுத்தக் கோணமும் (பல் பல்லைத் தள்ளும் திசையின் சாய்வு, இன்று பெரும்பாலும் 20 பாகை) ஒன்றாக இருந்தால்தான் இரண்டு சக்கரங்கள் சேரும். பற்களின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுப்பதிலும் இணையைத்தான் யோசிக்கிறார்கள். 20 பல்லை 40 பல்லோடு சேர்த்தால், சிறியதின் ஒவ்வொரு பல்லும் பெரியதில் குறிப்பிட்ட இரண்டே பற்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் உள்ள குறை அதே இடங்களில் அடித்துக்கொண்டே இருக்கும். 40ஐ 41 ஆக்கினால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் பரவிவிடும்.

வெட்டும் முறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பல்லாக மில்லிங் கட்டரால் வெட்டிய காலம் போய், ஹாப்பிங் வந்தது. திருகுபோன்ற வெட்டுளியும் சக்கரமும் சேர்ந்து சுழல, பற்கள் தாமாகவே உருவாகும். நேர்பல், சாய்பல் இரண்டையும் வெட்டும் ஹாப்பிங் எந்திரத்துக்கு 1897இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபாட்டர். இங்கே கவனிக்க வேண்டியது, வெட்டுளியே ஒரு பல்லிணைபோல் சக்கரத்தோடு கவ்விக்கொண்டு ஓடுகிறது என்பது. பற்சக்கரம் போன்ற வெட்டுளியைச் சாய்த்து வைத்து, சக்கரத்தோடு சேர்த்துச் சுழற்றிச் சீவுவது ஸ்கைவிங். அந்த முறைக்கு 1910லேயே ஜெர்மனியின் பிட்லர் காப்புரிமை கேட்டார். ஆனால் வெட்டுளியையும் சக்கரத்தையும் அதிவேகத்தில் பிசகாமல் ஒத்திசைத்துச் சுழற்றும், கணினி கட்டுப்படுத்தும் சிஎன்சி எந்திரமும் உறுதியான எந்திரக் கட்டமைப்பும் வர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது. இன்று வளையத்தின் உட்புறத்தில் அமையும் உள்பற்கள் வெட்டுவதற்கு அது முக்கியமான முறையாகிவிட்டது.

வெட்டியபின் கார்பரைசிங் செய்து, அதாவது எஃகின் மேற்பரப்பில் கரிமத்தை ஏற்றிக் கடினப்படுத்தும்போது, 900 பாகை செல்சியஸுக்கு மேலான சூட்டிலும் அதன்பின் வரும் குளிர்விப்பிலும் பல் கொஞ்சம் கோணிப்போகும். அதனால் மறுபடி கிரைண்டிங், அதாவது சாணைச் சக்கரத்தால் தேய்த்தல். அப்போது பல்லின் நுனியைச் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டும் கூடுதலாக எடுத்துவிடுவார்கள், பல்லின் நடுப்பகுதியை லேசாகப் புடைக்கவும் விடுவார்கள். சுமை ஏறும்போது பல் வளையும். வளைந்தபின் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக வளையும் முன்பே செய்யும் திருத்தம் இது. மின்சார வாகனங்களில் இந்தச் சில மைக்ரானுக்கு மதிப்பு கூடிவிட்டது. சத்தத்தை அமுக்க எஞ்சின் இல்லாததால், பல்லின் கீச்சொலி நேராகக் காதில் விழுகிறது.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குத் தெளிவு தந்தது தரச் சோதனைதான். அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு சக்கரத்தைத் தனியே அளவிடும் எந்திரத்தில் வைத்து, நுண்முனையால் பல்லைத் தடவி, வளைவு, சாய்வு, பல்லுக்குப் பல் இடைவெளி எல்லாம் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பது. 2013இல் வந்த பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 1328இன் முதல் பகுதி இதற்கு 1 முதல் 11 வரை தர வகுப்புகள் வைத்திருக்கிறது. எண் குறையக் குறையத் துல்லியம் கூடும். அமெரிக்கப் பற்சக்கர உற்பத்தியாளர் சங்கமான ஏஜிஎம்ஏவின் பழைய முறையில் இது தலைகீழ், எண் கூடினால்தான் துல்லியம். பழைய வரைபடம் கைக்கு வந்தால் எந்த முறை என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. இப்போது அளவிடும் எந்திரம் கண்ட விலகலைக் கிரைண்டிங் எந்திரத்துக்கே அனுப்பி, அடுத்த சக்கரத்தில் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் வந்துவிட்டது.

இன்னொரு வழி, மிகத் துல்லியமான மாஸ்டர் சக்கரத்தோடு சேர்த்துச் சுழற்றிப் பார்ப்பது. ஸ்பிரிங்கால் இடைவெளியின்றி அழுத்திச் சுழற்றினால், பிழையுள்ள பல் வரும்போது அச்சுகளின் தூரம் மாறும். இதில் பல்லின் இரு பக்கப் பிழையும் கலந்துதான் தெரியும். அச்சுத் தூரத்தைப் பூட்டிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தொடும்படி சுழற்றினால் கிடைப்பது சுழற்சிக் கடத்தல் பிழை, அதாவது ஒன்று சுழலும் அளவுக்கு மற்றது சரியாகச் சுழலாமல் முந்துவதும் பிந்துவதும். சத்தத்தின் மூலத்தைத் தேடுகிறவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் வழியில் சோதிக்கப்படுவது பற்சக்கரம், இரண்டாவதில் பல்லிணை. இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும். ஒற்றை உறுப்பைச் சொல்லும்போது பற்சக்கரம், சேர்ந்து இயங்குவதைச் சொல்லும்போது பல்லிணை, கியர்பாக்ஸுக்குப் பல்லிணைப் பெட்டி. வேக விகிதத்துக்குக் கியர் என்றே இருக்கட்டும். ‘இரண்டாவது பல்லிணையில் போ’ என்று யாரும் சொல்லப் போவதில்லை.

கடைசியாகப் பேக்லாஷ். பொது அகராதியைப் பார்த்து ‘எதிர்ப்பு’, ‘பின்விளைவு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இங்கே அது கவ்வியிருக்கும் இரண்டு பற்களுக்கு நடுவே விடப்படும் மெல்லிய இடைவெளி. ‘பல்லிடை வெளி’ என்பது பொருந்தும். ‘தளர்வு’ என்றால் ஏதோ குறை என்று தோன்றும், ஆனால் அந்த வெளி வேண்டுமென்றே வைக்கப்படுவது. எண்ணெய்ப் படலம் அங்கேதான் இருக்க வேண்டும், ஓடிச் சூடாகும்போது பல் விரிவதும் அந்த இடத்துக்குள்தான்.