முப்பது ஷில்லிங்கும் மருத்துவர் கட்டணமும்: லிவர்பூல் தாய்க்குச் சட்டம் தந்தவை

1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிள்ளை பெறவிருந்த ஒரு தொழிலாளியின் மனைவிக்கு என்னென்ன உரிமைகள் இருந்தன என்பதை அறிய, இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி, வாரந்தோறும் 4 பென்ஸ் செலுத்திவந்த ஆண் தொழிலாளி, 26 வாரச் சந்தா கட்டியிருந்தால், மனைவியின் பேறுகாலத்தில் 30 ஷில்லிங் (ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ்) உதவித்தொகை கிடைக்கும். 1913 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தபோது, தொகை கணவனுக்கே உரியதாக இருந்தது. பிரசவ வலி தாங்குபவளுக்கு உரிய பணம் இன்னொருவர் கைக்குப் போவது பெரும் அநீதி. மகளிர் கூட்டுறவுச் சங்கத்தார் விடாமல் போராடியதன் பயனாக, அதே ஆண்டின் திருத்தச் சட்டம் அதைத் தாயின் சொந்தச் சொத்தாக்கியது. அவள் ஒப்புதல் அளித்தால் மட்டுமே கணவன் அதைப் பெறலாம்.

மற்றது, 1902ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம். 1910 ஏப்ரல் 1 முதல், சான்று பெறாத பெண் எவரும், மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல், கூலிக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்ளக் கூடாது. மருத்துவச்சி வேகவைத்து வெளுக்கத்தக்க பருத்தி அல்லது லினன் உடை அணிய வேண்டும். அவருடைய பையின் உள்ளுறை கழற்றிச் சுத்தம் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பத்து நாளேனும் தாயையும் சேயையும் கவனிக்க வேண்டும். பேறுகாலக் காய்ச்சல் கை வழியாகவும் துணி வழியாகவும் வீடுவிட்டு வீடு பரவியதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

வீட்டில் வேறு நோய் வந்தால் வட்டாரச் செவிலியரை அழைக்கலாம். லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன் 1859இல் மேரி ராபின்சன் என்னும் செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பித் தொடங்கிய இந்தப் பணிக்கு லிவர்பூலே தாய்வீடு.

ஆனால் 1902 சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பிரசவம் சிக்கலானால், மருத்துவச்சி அதற்குரிய படிவத்தில் தாயின் நிலையை எழுதி மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். வந்த மருத்துவருக்கு யார் பணம் தருவது என்று சட்டம் சொல்லவில்லை. கூலி கிடைக்குமோ என்ற ஐயத்தோடு நள்ளிரவில் புறப்பட வேண்டிய மருத்துவர் தயங்கினால், அந்தத் தாமதம் தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். 1918ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம்தான் அக்கட்டணத்தை, மருத்துவச்சிகளைக் கண்காணிக்கும் உள்ளூர் மேற்பார்வை அமைப்பின் பொறுப்பாக்கியது. பின்னர் அதைக் குடும்பத்திடம் வசூலிக்கலாம். வறுமையால் கட்ட இயலாது என்று தெரிந்தால் வசூலிக்கக் கூடாது.